கடைசி வரிசை வரை

மார்ச் 2, ஞாயிறு

குளியலறைக் குழாயைப் பார்க்க வருகிறேன் என்ற ஆள் இன்றும் வரவில்லை. “அது சொட்டுற சத்தம் உனக்குக் கேக்கவே இல்லையாம்மா?” என்கிறாள் மகள். சொட்டினால் கேட்காதா? அது சொட்டவில்லை, கசிகிறது. இரண்டும் வேறு. எந்த இடத்தில் எந்தச் சொல் என்று கான்வென்டில் சிஸ்டர் எங்களைப் பிழிந்து எடுத்தார். என் மகளை யாரும் பிழியவில்லை, நான் உட்பட.

மாலையில் ராஜாவுக்குப் பாராட்டு விழா. பெற்றவர்கள் வைத்த பெயர் அது இல்லை. எங்கள் நாடகக் கம்பெனியில் கிரீடம் வைத்த வேஷமெல்லாம் அவருக்கே போனதால் ஒட்டிக்கொண்ட பெயர். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் பின்னால் நாலு பேர் குடை பிடித்து வருகிற மாதிரி ஒரு நடை. அவரோடு இருபது வருஷம் கதாநாயகியாகப் பாடி நடித்தவள் என்பதால் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கான விழா அடுத்த வருஷமாம். அடுத்த வருஷம் நான் இருப்பேன் என்று நாடகச் சங்கத்தாருக்கு யார் எழுதிக் கொடுத்தார்களோ.

பேசியவர்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசினார்கள். ஒலிபெருக்கி வந்தபிறகு யாருக்கும் உதடு அசைவதில்லை. அழைப்பிதழில் ராஜா தர்பார் பாட்டு பாடுவார் என்று போட்டிருந்தது. எழுந்து மைக்கில் ஏதோ சொன்னார், பாடினார். தர்பார் பாட்டா அது? சுருதி ஓர் ஊரில், அவர் ஓர் ஊரில். தாளமும் வேறு எங்கோ போயிற்று. நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டார். மறந்துவிட்டது. கையை முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. நான் மகளின் காதோரம் குனிந்து ரகசியமாக ஒன்று சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

பின்வரிசைகளில் இருந்தவர்கள் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அடையாளம் தெரிகிறது! லேசாகத் தலையசைத்தேன். ராஜா அதன்பிறகு பாடவில்லை. அவர் மனைவி வந்து முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

காரில் மகள் பேசவேயில்லை. தலைவலி என்றாள்.

மார்ச் 3, திங்கள்

குழாய்க்காரர் வந்தார். வாஷர் தேய்ந்துவிட்டதாம், வாங்கிவருகிறேன் என்று போனவர் போனவர்தான். மகளுக்கு இன்னும் தலைவலி.

மார்ச் 5, புதன்

சங்கத்து மலருக்காக ஒரு பெண் வந்தாள். பழைய நாடகக் கொட்டகையைப் புதுப்பித்து அடுத்த மாதம் திறக்கிறார்கள்; அன்றைக்கு வெளியிடுகிற மலர். என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “மேடம், நீங்க எப்படி இந்த ஃபீல்டுக்கு வந்தீங்க?” வயலுக்கு நான் வரவில்லை, மேடைக்கு வந்தேன் என்றேன். பாவம், எழுதிக்கொண்டாள்.

இருந்தாலும் பொறுமையாகச் சொன்னேன். பள்ளி நாடகத்தில் பேச்சுப் பயிற்சி சிஸ்டர் என்னை நடைபாதையின் ஒரு கோடியில் நிறுத்திவிட்டு மறுகோடிக்குப் போய்விடுவார். “கத்தாதே. ரகசியமாகச் சொல். ஆனால் எனக்குக் கேட்க வேண்டும்.” கேட்கும்வரை மதியச் சாப்பாடு கிடையாது. 1953-இல், தட்டச்சு வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நாடகக் கம்பெனியில் போய் நின்றேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். முதல் பெரிய வேஷத்தன்று டிக்கெட் வாங்கி வந்து பார்த்துவிட்டு, அப்போதும் பேசாமல் போனார். ஆனால் வந்தார்.

தகரக் கூரை. மைக் கிடையாது. மழை பிடித்தால் மழையையும் தாண்டிப் பாட வேண்டும். முகத்துக்கு நேரே விளக்கின் சூடு, முதுகில் வியர்வையில் ஒட்டிய வெல்வெட். லாரியில் திரைச்சீலை மூட்டைகளின் மேல் படுத்து ஊர் ஊராகப் போனோம். சுவரொட்டியில் ராஜாவின் பெயரைப் பெரிதாகவும் என் பெயரைச் சின்னதாகவும் போட்டபோது, ஒரே அளவில் போடும்வரை ஒப்பனை போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். போட்டார்கள். பிறகு கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாவுக்குப் போயின. கம்பெனி திரைச்சீலைகளையும் விற்ற அன்று நானும் ராஜாவும் வெற்று மேடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அதன்பின் வானொலி நாடகம், அப்புறம் பள்ளியில் பாட்டு டீச்சர்.

ஓடக்காரி நாடகத்தைப் பற்றிக் கேட்டாள். மாறுவேஷத்தில் வந்த அரசன் ஆற்றங்கரையில் நின்று பாடுவான்: “இந்தக் கரை இருண்டு போச்சே ஓடக்காரி, அந்தக் கரைக்கு என்ன கூலி?” உடனே நான் பதில் பாட மாட்டேன். துடுப்பு ஒரு தரம் தண்ணீரைத் தொட்டு எழும் நேரம் கொட்டகை முழுக்க அமைதி. அந்த இடைவெளிக்குக் கம்பெனியில் ‘துடுப்பு’ என்றே பெயர். ராஜா கையை நீட்டி நிற்பார். பிறகு என் வரி: “பொன்னும் வேண்டாம் பொருளும் வேண்டாம், உன் பேரைச் சொல்லி ஏறிக்கோ.” தன் பேரை மட்டும் அவனால் சொல்ல முடியாது. ஜனங்கள் மூச்சுவிட மாட்டார்கள்.

“உங்க ரகசியக் குரலப் பத்தி எல்லாரும் சொல்றாங்க மேடம்” என்றாள். சொல்லும்போது முகம் சிவந்தது. பெரிய மனுஷியிடம் பேசுகிற கூச்சம் போலிருக்கிறது. விரிவாகச் சொன்னேன். என் கணவர் பல் டாக்டர். புது நாடகம் ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் கடைசி வரிசையில் போய் உட்காருவார். நான் மேடையில் ரகசியம் பேசுகிற கட்டத்தில் வார்த்தை அவருக்குக் கேட்டுவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். ஒருநாளும் கழற்றாமல் இருந்ததில்லை. “இன்னைக்கும் என் ரகசியம் கடைசி வரிசை வரைக்கும் போகும்” என்றேன். அவள் தலை நிமிராமல் எழுதினாள்.

போகும்போது தயங்கித் தயங்கி, திறப்பு விழாவில் நானும் ராஜாவும் செய்வதாக இருந்த ஆற்றங்கரைக் காட்சிக்கு அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். “நீங்க மட்டும் பாடுறீங்களா மேடம்?”

பாடுகிறேன் என்றேன். உடனே. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மார்ச் 6, வியாழன்

தனியாகப் பாடப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அம்மா, அன்னைக்கு நீ எங்கிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

“ஏன்? இந்த ஆளுக்கு அன்னைக்கும் சுருதி கிடையாது, இன்னைக்கும் கிடையாது, இருபது வருஷம் நான்தான் முதுகுல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்னேன். உங்கிட்டதானே சொன்னேன்.”

“எங்கிட்ட மட்டும் சொல்லலம்மா. ஹால் பூராவும் கேட்டுச்சு.”

உளறாதே என்றேன்.

“அவர் பாட்ட நிறுத்தியிருந்தாரு. ஊசி விழுந்தா கேக்குற அமைதி. கடைசி வரிசையில ரெண்டு பேர் சிரிச்சாங்க. ராஜா மாமாவுக்கும் கேட்டுச்சு. உன்னைத்தான் பாத்துக்கிட்டே நின்னாரு. நீ பின்னால திரும்பித் தலைய வேற ஆட்டுற!”

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். ராணி மாதிரி. கடவுளே.

மார்ச் 7, வெள்ளி

அந்த மலர்ப் பெண்ணும் அங்கேதான் இருந்திருக்கிறாள். அவளிடம் போய் — கடைசி வரிசை வரைக்கும் போகும் என்று — என் வாயாலேயே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனி அவளப் பாக்குறது? எழுத முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ராஜாவின் வீட்டுக்கு போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தாள். கம்பெனியில் உடைகளைப் பார்த்துக்கொண்டவள். என் வெல்வெட்டை எத்தனை முறை என் இடுப்புக்கு ஏற்றபடி பிரித்துத் தைத்திருப்பாள். தங்கை மாதிரி.

“அவர் தூங்குறாருக்கா.”

காலை பத்து மணி. மறுபடி மத்தியானம் செய்தேன். “இப்பதான்கா கண்ணசந்தாரு.” மாலையில் நானே, “நான் விளையாட்டுக்குச் சொன்னது...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்கா. எல்லாரும் சிரிச்சாங்கல்ல? அவரும் வீட்டுக்கு வந்து சிரிச்சாரு.” பிறகு, “காலையில குளிக்கும்போது பாடுவாருக்கா. இந்த வாரம் தண்ணி சத்தம் மட்டும்தான் கேக்குது” என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேனே, அதுவும் பொய். மனசாரத்தான் சொன்னேன். அவருக்கு முதலில் விழா எடுத்தார்களே என்கிற எரிச்சலில் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

போனேன். மகள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவமானத்துக்குத் துணை எதற்கு.

ராஜா எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். எப்போதும்போல ஒரு குறையுமில்லை. ஆனால் —

“வாங்க மேடம். உக்காருங்க.”

அறுபது வருஷமாக அவருக்கு நான் ‘கான்வென்ட்’. “என்ன கான்வென்ட், மூக்கு செவக்குது?” “ஏய் கான்வென்ட், லாரியில இடம் போடு.” என் கணவர் இறந்த அன்றுகூட வாசலில் நின்று, “கான்வென்ட், வந்துட்டேன்” என்றார். அவர் என்னை ஒருநாளும் ‘நீங்க’ என்றதில்லை. நேற்றுவரை அதை மரியாதைக் குறைவு என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்கியவளும் நான்தான்.

மன்னிப்புக் கேட்டேன். பள்ளிப் பிள்ளைபோல நின்றுகொண்டே கேட்டேன்.

“எதுக்கு மேடம் பெரிய வார்த்தை? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கம்பெனியிலயே உங்க காது மாதிரி ஒரு காது கிடையாது. தப்பே பண்ணாது.” காபியை என் பக்கம் நகர்த்தினார். “ஒண்ணே ஒண்ணுதான். அப்பவே சொல்லியிருக்கலாம். நான் நல்லாப் பாடுறதா நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்.”

கோபமாகச் சொன்னால் பதில் சொல்லலாம். சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவர் மனைவி வாசல்வரை வந்தாள். “மறதி ஆரம்பிச்சிருக்குக்கா. டாக்டர் சொன்னாரு, இன்னும் கொஞ்ச நாள்ல பாட்டெல்லாம் ஒண்ணொண்ணா போயிடுமாம். அதுக்குள்ள உங்ககூட ஒருதரம் மேடையேறிடணும்னு ஆசைப்பட்டாரு. இப்ப அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறாரு.”



மார்ச் 12, புதன்

உங்கள் காது தப்பே பண்ணாது என்றார். சிரித்தவர்களின் சிரிப்பு என் காதில் விழவில்லை. என் குரலே என் காதில் விழவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு எதைக் கேட்டு நான் சுருதி இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன்?

மார்ச் 14, வெள்ளி

மகள் மூன்று வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த இடத்துக்கு இன்று நானே போகலாம் என்றேன். அவள் வேறு எதுவும் கேட்காமல் கார் சாவியை எடுத்தாள். அதற்கு அவளுக்கு நன்றி.

கண்ணாடி போட்ட சின்ன அறை. காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள் பரிசோதனை செய்கிற பெண். அழுத்தினேன். நன்றாகவே அழுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

“பாட்டி, நீங்க சத்தத்த கேக்கல. என் விரல் அசையுறதப் பாத்து அழுத்துறீங்க.”

கான்வென்டில் ஒருநாள்கூட யார் தாளையும் எட்டிப் பார்த்ததில்லை. எண்பத்தோரு வயதில் காப்பியடித்துப் பிடிபட்டேன்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் நீண்ட நேரம் எதுவுமே கேட்கவில்லை. கெட்டிச் சத்தங்கள் வரும், மெல்லிய சத்தங்கள் வெகு நாளாகவே வரவில்லை என்றாள். பழகிப் பார்க்கச் சொல்லி ஒரு ஜோடி காது மெஷினைக் கொடுத்தாள். மாட்டியதும் என் செருப்பு தரையில் உரசியது. காகிதம் நொறுங்கியது. “எவ்வளவு நாள் போடணும்?” என்று கேட்டேன். யாரோ பக்கத்தில் நின்று என் வாக்கியத்தைக் கத்தினார்கள். நான்தான்.

பஸ்ஸில், ரொட்டிக் கடையில், சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் — மகளின் காதில் நான் சொன்ன ரகசியங்கள் எத்தனை! சம்பந்தியம்மாள் ஏன் என்னிடம் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். குழாய் சொட்டுகிறது. கசியவில்லை.

மார்ச் 17, திங்கள்

விழாவை மகள் போனில் படம் பிடித்திருந்தாள். காட்டு என்றேன். “வேண்டாம்மா, விடு” என்றாள். காட்டு.

காது மெஷினைச் சரியாக மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ராஜா எழுகிறார். மைக் கரகரக்கிறது. அன்றைக்கு அவர் ஏதோ சொன்னார் என்று எழுதினேனே, இதுதான் அது:

“தர்பார் பாட்டுன்னு போட்டிருக்காங்க. ஆனா முன்வரிசையில ஒருத்தி வந்து உக்காந்திருக்கா. அவ இருக்குறப்ப தர்பார் எதுக்கு? ஓடப்பாட்டே பாடிடுறேன்.”

ஓடப்பாட்டு. அவர் ஓடப்பாட்டு பாடியிருக்கிறார். நான் தர்பார் பாட்டை மனதில் வைத்துக்கொண்டு, அவர் உதட்டையும் காதில் விழுந்த மிச்சம் மீதியையும் வைத்து, தாளம் எங்கோ போயிற்று என்று — அது வேறு பாட்டு, வேறு தாளம்! சுருதி இரண்டு இடத்தில் இறங்குகிறது. அவ்வளவுதான். எண்பத்து நாலு வயதில் இரண்டே இடம். மற்றபடி குரல் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்றதுபோலவே நிற்கிறது.

“...அந்தக் கரைக்கு என்ன கூலி?”

நிறுத்துகிறார். கையை என் பக்கம் நீட்டுகிறார். மறக்கவில்லை. துடுப்பு. துடுப்புக்காக நிறுத்தியிருக்கிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் பதில் பாடுவேன் என்று காத்திருக்கிறார். கண்ணெல்லாம் சிரிப்பு.

அந்த அமைதிக்குள் என் குரல். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக, உடையாமல், கடைசி வரிசை வரை. சிஸ்டர் கேட்டிருந்தால் சாப்பிடப் போகச் சொல்லியிருப்பார்.

கை நீட்டியபடியே இருக்கிறது. அதை இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.

மார்ச் 18, செவ்வாய்

சாப்பிடவில்லை. மகள் கேட்கவுமில்லை.

மார்ச் 20, வியாழன்

மலர்ப் பெண்ணைக் கூப்பிட்டு, தனியாகப் பாட மாட்டேன் என்று சொன்னேன். ரகசியக் குரல் பற்றி நான் அளந்ததையெல்லாம் எடுத்துவிடச் சொன்னேன். “அதுதான் மேடம் நல்லா வந்திருக்கு” என்றாள். எடுத்துவிடு என்றேன்.

பிறகு ராஜாவின் வீடு. இந்தமுறையும் எழுந்தார், நாற்காலியை இழுத்தார். “வாங்க மேடம்.” நான் உட்காரவில்லை. மறுபடி மன்னிப்புக் கேட்டால் மறுபடி காபி கொடுத்து அனுப்பிவிடுவார், எனக்குத் தெரியும். கதவோரம் நின்றபடியே பாடினேன்.

“பொன்னும் வேண்டாம் பொருளும் வேண்டாம்...”

மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. காது மெஷின் அதையும் விடாமல் எனக்குக் காட்டியது. நிறுத்தவில்லை. “உன் பேரைச் சொல்லி ஏறிக்கோ” என்று முடித்துவிட்டு நின்றேன். சமையலறையில் அவர் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

ராஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் இவ்வளவு லேட்டு?” என்றார். “துடுப்பு சேத்துல மாட்டிக்கிச்சா, கான்வென்ட்?”

உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன். “செவிடு. அன்னைக்கு நீங்க பாடினது எந்தப் பாட்டுன்னே எனக்குத் தெரியாது.”

“செவிடா!” அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது. “நான் ரெண்டு வாரமா சுருதிப்பெட்டிய வச்சுக்கிட்டு என்னை நானே திட்டிக்கிட்டு இருக்கேன். செவிடின்னு முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

ஆனால் மேடைக்கு வாங்க என்றபோது முகம் மாறிவிட்டது. “வேண்டாம். அன்னைக்கு மறக்கல. இனிமே மறப்பேன். நடுவுல நின்னுட்டா? மறுபடி சிரிப்பானுங்க.”

“நான் பக்கத்துல உக்காந்து எடுத்துக் கொடுக்குறேன்.”

“நீ எடுத்துக் கொடுத்தா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் பாடுவான்.”

சரியான பேச்சு. கற்றுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

கற்றுக்கொள்வது சுலபமில்லை. வயிற்றிலிருந்து தள்ளித்தான் எனக்கு ரகசியம் பேச வரும். தள்ளாமல் பேசினால் குரலே இல்லை. மகளைப் பக்கத்து அறையில் நிற்க வைத்து ஒரு வரி சொல்கிறேன்.

“கேக்குது!”

மறுபடி.

“கேக்குதும்மா!”

மறுபடி.

“இப்ப எதிர் வீட்டுக்காரங்களுக்கு மட்டும் கேட்டிருக்காது.”

வாயாடி. என்னிடம்தான் கற்றிருக்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி

ராஜாவின் மனைவி சொல்லித் தந்தாள். வேஷம் மாற்றுகிற அவசரத்தில் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, “கையத் தூக்குக்கா” என்பாளே, அது எனக்கு மட்டும்தான் கேட்கும். “குண்டூசி வாயில இருக்குன்னு நெனச்சுக்கங்க” என்றாள். நினைத்துக்கொண்டேன். மகள் பக்கத்து அறையிலிருந்து, “என்னம்மா, ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டாள். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒத்திகை. ராஜா மூன்று தரம் பாடினார். இரண்டு தரம் முழுசாக வந்தது. மூன்றாவது தரம் இரண்டாம் அடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது துடுப்பு இல்லை. கை நீளவில்லை, விரல்கள் முழங்கால்மேல் எதையோ தேடின. இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

திறப்பு விழா. கொட்டகையில் தகரம் போய்விட்டது, நல்ல கூரை. மேடைப் பலகை மட்டும் பழையது. நடுவில் அழுத்தினால் முனகுகிற அந்தப் பலகை இன்னும் முனகுகிறது. இன்றுதான் அது முனகுகிறது என்று எனக்கே ஞாபகம் வந்தது.

படகுக்குப் பதில் ஒரு பெஞ்சு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில். எனக்கு ஒரு சால்வை. மகளிடம் ஒரே ஒரு வேலை சொல்லியிருந்தேன்: முன்வரிசை வேண்டாம், அப்பாவின் இடத்தில் போய் உட்கார். நடுவில் நான் சொல்வது ஏதாவது காதில் விழுந்தால் கண்ணாடியைக் கழற்று. விளக்குகளை முழுக்க அணைக்கவில்லை, பார்க்க முடிந்தது.

முதல் அடி. “அந்தக் கரைக்கு என்ன கூலி?” கை நீண்டது. கொட்டகை அமைதியானது. நான் துடுப்பை மெதுவாகப் போட்டு எடுத்தேன், இல்லாத துடுப்பைத்தான். பதில் பாடினேன். உடையவில்லை.

இரண்டாம் அடியின் நடுவில் நிறுத்தினார். நிறுத்த வேண்டிய இடமில்லை. விரல்கள் முழங்கால்மேல் தேட ஆரம்பித்தன. வெட்கப்படுகிற ஓடக்காரிபோல முகத்தைத் திருப்பி, சால்வையை இழுத்து வாயை மறைத்து, வாய் நிறையக் குண்டூசியோடு இரண்டே சொல் கொடுத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். கடைசி வரை போனார். எழுந்து நின்று கை தட்டினார்கள். அவருக்கு.

இறங்கியதும் மலர்ப் பெண் ஓடிவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாக, “பரவாயில்ல மேடம், ஒரு இடத்துல உங்களுக்கு மறந்துடுச்சு போல. முகத்தத் திருப்பிட்டீங்க. நல்லவேளை, சார் கொஞ்சம் நிறுத்தி உங்களச் சமாளிச்சு இழுத்துட்டுப் போயிட்டாரு” என்றாள்.

என் முதுகெலும்பு நிமிர்ந்தது. பழக்கம். வாயைத் திறந்தேன்.

“ஆமாம்மா” என்றேன். “எப்பவும் அவர்தான் தூக்கிக்கிட்டுப் போவார்.”

ராஜா பின்னால்தான் நின்றிருக்கிறார். அவள் போனதும், “எனக்கே பாதிதான் கேட்டுச்சு கான்வென்ட். மீதிய நானா போட்டுக்கிட்டேன்” என்றார். அவர் மனைவி சால்வையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

நீட்டிய அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இன்று நடந்ததால் அது இல்லையென்று ஆகிவிடாது. அதை வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு சொல்லையும் கொடுத்துவிட்டு, திருப்பிய முகத்தோடே கடைசி வரிசையைப் பார்த்தேன். மகள் அவள் அப்பாவின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.